தினமும் அவிழ்ந்த ஷூ லேஸ்

என் வீட்டுக்காரர் கிரேன் கொக்கியில் சரக்கைக் கட்டிவிடுகிறவர். அங்கே அவர் போட்ட கட்டு ஒன்றுகூட நழுவியதில்லை. அவருடைய ஷூ லேஸ் மட்டும் தினமும் அவிழும். அவிழ்ந்தால் வீடு இரண்டுபடும். பருத்தி லேஸ் இற்றுப்போனது, உருண்டை நைலான் வழுக்கியது. கடைக்காரன் திருடன், வாங்கி வந்த நான் முட்டாள். நானும் பார்சல் கம்பெனியில் கட்டுப் போடுகிறவள்தான். அவர் கணக்கில் அது வேலையே இல்லை.

நேற்று லேஸ் தடுக்கி விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். ஷூவை என் காலடியில் வீசினார்.

"நீ வாங்குன லட்சணம்!"

தட்டையான முரட்டு லேஸைக் கோத்து, அவர் கண்ணெதிரே கட்டினேன்.

"முதல் முடிச்சுல வலது மேல போனா, அடுத்ததுல இடது மேல போகணும். நீங்க ரெண்டு தடவையும் வலதையே மேல போடுறீங்க. அப்புறம் எப்படி நிக்கும்?"

இன்று மாலைவரை அது அவிழவில்லை. அதற்கும் கத்தினார்.

"தெரிஞ்சுக்கிட்டே பதினெட்டு வருஷமா ஏன்டி சொல்லல?"

"கல்யாணமான மறுவாரமே சொன்னேன். 'பத்து டன் இரும்பைக் கட்டுறவனுக்கே பாடம் எடுக்குறியா'ன்னு கேட்டீங்க."