போர்வை மடித்தபடி படித்த பாடம்

உலகத்துத் தேர்வுகள் எல்லாம் படை திரண்டு வந்தாலும், அக்கா வாயைத் திறந்தால் தலைதெறிக்க ஓடிவிடும். அவளுக்கு எழுதிப் படித்தால் கை வலிக்கும். கண்ணால் படித்தால் கொட்டாவி வரும். சலவைக்கடையில் போர்வை மடித்துக்கொண்டே தம்பிக்கு விளக்கிச் சொன்னால் மட்டும் பாடம் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். எழுதப்போவது நர்ஸ் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, தப்பாகச் சொன்னால் நிறுத்த வேண்டியது தம்பியின் பொறுப்பு. அவன் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. தனக்குத்தான் எவ்வளவு மூளை என்று அக்கா பூரித்துப்போனாள். மாதிரித் தேர்விலோ பாதிக்குமேல் தப்பு.

மறுநாளும் இருவரும் மடித்தார்கள்.

"இதயம் எங்க இருக்கு? முழங்காலுக்குப் பின்னாடி. சரியாடா?"

"ம், சரிக்கா. சூப்பர்."

மடிப்போடு நெருங்கி வந்தவள், அவன் காதை மூடியிருந்த முடியை ஒதுக்கினாள். அங்கே குட்டி இயர்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"சுவத்துக்கிட்டயே சொல்லியிருக்கலாம்டா," என்றாள், அதைப் பிடுங்கியபடி. "அது சரின்னு பொய்யாவது சொல்லியிருக்காது."