நாவல் கிளையும் லாரிக் கயிறும்

மூன்று வருடத்துக்கு முன், சுற்றுச்சூழல் தினத்தன்று ஒரு பள்ளியில் முக்கால் மணி நேரம் மரங்களின் பெருமையைப் பேசினேன். மறுநாள் காலை, கேரள எல்லையோரப் புளியறையில் எங்கள் தோப்பு வீட்டு நாவல் மரத்தின் பெரிய கிளையை ஆள் விட்டு வெட்டினேன். காரணம், என் புது காரின் மேல் பழம் விழுந்து கறையாகிறது. கார் பழசாகிவிட்டது, வெட்கம் மட்டும் இன்னும் புதுசு.

அந்தக் கிளை ரோட்டுக்கு மேலே நீண்டு, எதிர்ப்பக்கத்துக் காட்டு மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுவாரம் வந்த வனக்காவலர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, கிளையவா வெட்டுனிய? பாலத்தைல்லா வெட்டிட்டிய!"

எங்கள் தோப்பில் மலை அணில்கள் மூன்று இருந்தன: ஒரு தாய், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு. பூனை அளவு இருக்கும். மரத்தை விட்டுத் தரையில் இறங்கப் பயப்படும். மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் ரோடு. இனி மலையிலிருந்து புது ஆண் வர வழியில்லை.

"கூடப்பொறந்ததுகளே சேரும். குட்டி சவலையாப் பொறக்கும், தங்காது. கொஞ்ச வருசத்துல இங்கன ஒண்ணும் மிஞ்சாது" என்றார். சொந்த அத்தை மகளைக் கட்டியவன் நான், அவசரமாகப் பரிகாரம் கேட்டேன்.

பரிகாரத்தையும் அவரே சொன்னார். செக்போஸ்டில் நிற்கும் லாரிக்காரர்களிடம் பழைய கயிறுகளைக் கேட்டு வாங்கினேன். அவர் மேலிடத்தில் அனுமதி வாங்கி, வெட்டுப்பட்ட நாவலுக்கும் காட்டு மரத்துக்கும் நடுவே, லாரி இடிக்காத உயரத்தில் முறுக்கிக் கட்டினார். நான் கீழே நின்று யோசனை சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

மாதக்கணக்கில் அதில் காக்கைகூட உட்காரவில்லை. ஐப்பசியில் ஒரு காலை, காட்டுப் பக்கமிருந்து ஓர் ஆண் அணில், நல்ல தடியன், கயிற்றில் கால் வைத்தான். பாதி தூரம் வந்ததும் கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. கயிற்றோடு கயிறாக ஒட்டிக்கொண்டான். எனக்கு என்ன வந்ததோ, குடையை விரித்துப் பிடித்தபடி நடுரோட்டில் போய் நின்றேன்.

"ஏ வே, சாவணும்னா வேற வண்டி பாரும்!" என்று கத்திய டிரைவரிடம் மேலே கை காட்டினேன். பார்த்தார். இஞ்சினை அணைத்தார். பின்னால் வந்த பஸ்ஸும் அணைந்தது. தடியன் அடி அடியாக நகர்ந்து எங்கள் நாவலில் தாவியதும் பஸ்ஸுக்குள் விசில் பறந்தது. என் பேச்சு எதற்கும் அப்படியொரு விசில் கிடைத்ததில்லை.

சித்திரையில் கூட்டிலிருந்து ஒரு புது முகம் எட்டிப் பார்த்தது; துறுதுறுவென்று, சவலை இல்லாமல். அன்றிலிருந்து எந்த மரத்தில் கை வைப்பதற்கு முன்னும், அது யாருக்கு வழி என்று அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.

குட்டியைப் பார்த்த அன்றே பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அணிலுக்கு அசல்ல மாப்பிள்ளை புடிக்க நடுரோட்டுல நின்னிய. எங்கப்பா எனக்காக வாசலத் தாண்டிக்கூடப் போகலியே!"