எர்த் குழிக்கு ஒரு குடம்

வேடசந்தூருக்கு வடக்கே உள்ள தோட்டக்காட்டில், சுந்தரம்மாளிடம் "கதவைச் சாத்துனியா?" என்று கேட்டுவிட்டால் போதும், போட்டது போட்டபடி எழுந்து போவாள். கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வாள். புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்தக் கோடை அவர்களுக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் சுந்தரம்மாள் வீட்டுத் தோட்டத்துக்குக் கரண்டு வந்தது. வயர்மேன் ஒச்சப்பன் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஆளுயரக் குழி வெட்டி, இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினார். மோட்டாரிலிருந்து ஒரு கம்பியை அந்தக் குழாயில் கட்டினார்.

"இதுதான் எர்த். கோடையில தினம் ஒரு குடம் தண்ணி இதுல ஊத்தணும்."

"மண்ணுக்கா?" என்று சுந்தரம்மாள் சிரித்துவிட்டாள்.

"தலை சீவையில முடி சடசடங்குதுல்ல, அது நின்ன எடத்துல நிக்கிற கரண்டு, அக்கா. ஒரு சொடுக்கு, அம்புட்டுதான். இது ஓடுற கரண்டு. வயரு பழுதாகி மோட்டார் மேல இறங்குச்சுன்னா, தரைக்குப் போக வழி தேடும். குழி ஈரமா இருந்தா அதுவழியாப் பாஞ்சு பீஸு போயிரும், எல்லாம் நின்னுரும். குழி காஞ்சு கெடந்தா, தொட்ட ஆளு வழியாத்தான் போகும்."

அன்றிலிருந்து அது அவள் வேலையாயிற்று. புருஷன் நல்லுசாமி விடிந்ததும் கேட்பான், "ஊத்திட்டியா?" "ஊத்திட்டேன்" என்பாள். ஒரு நாளும் தவறியதில்லை.

அறுபத்துமூன்று கோடையில் கிணறு வற்றிச் சேறாகிவிட்டது. நல்ல தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடை. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டே குடம். ஒன்று அடுப்படிக்கு, மற்றது எர்த்துக்கு. அவளுக்கோ பால் வற்றிவிட்டது. ஐந்து மாதக் குழந்தை பொன்னழகு பசும்பாலில்தான் உயிர் வைத்திருந்தாள். தண்ணீரில்லாமல் பசுவுக்கும் மடி சுருங்கிற்று. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். பெற்றவள் என்ன செய்வாள்? குழிக்கு வைத்திருந்த குடத்தைத் தூக்கிப் பசுவின் தொட்டியில் கவிழ்த்தாள்.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்."

ஒரு நாள்தானே என்று நினைத்தாள். நாலு நாளாகிவிட்டது. உள்ளதைச் சொன்னால் பசுவைச் சந்தைக்கு ஓட்டிவிடுவான். ஏற்கெனவே இரண்டு தடவை அதைச் சொல்லியிருந்தான். அவள் தினமும் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் நல்லுசாமி கிணற்றில் சேறு அள்ளிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட மேலேறி வந்தான். அன்றைக்கு ஊறியிருந்த கொஞ்சத் தண்ணீரை இறைக்க மோட்டாரைப் போட்டான். அது என்னமோ போல உறுமியது. சூடாகிறதா என்று பார்க்க அதன் மேல் கையை வைத்தான். கஞ்சியோடு வரப்பில் வந்துகொண்டிருந்த சுந்தரம்மாள் பார்த்தாள். வைத்த கையை அவனால் எடுக்க முடியவில்லை. கலயத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தாள். அவன் சரிந்து விழுந்தான். உயிர் இல்லை.

கூட்டம் கூடியது. நல்லுசாமியின் தம்பி ராமர், ஒச்சப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நீ போட்ட வயரிங்தான்டா எங்கண்ணனைக் கொன்னுருச்சு. உன்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்காம விடமாட்டேன்."

ஒச்சப்பன் குனிந்து குழி மண்ணை ஒரு கை அள்ளினார். அது புழுதியாக உதிர்ந்தது. சுந்தரம்மாளைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

"அவரை விடுப்பா. நாந்தான் அஞ்சு நாளாத் தண்ணி ஊத்தல."

"ஏன்?" என்றான் ராமர்.

குழந்தை அவள் தோளில் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காரணத்தைச் சொன்னால், அப்பனை முழுங்கியவள் என்று இந்தப் பிஞ்சையல்லவா ஊர் காலமெல்லாம் பேசும்?

"மறந்துட்டேன்" என்றாள்.

ராமர் காறித் துப்பினான். அவன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. ஊரும் ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை.

பொன்னழகுக்கு ஆறு வயதானபோது, பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லக் கேட்டு அழுதுகொண்டே வந்தாள். "எங்கப்பா உசுரும்மா. அதைப் போயி எப்படிம்மா மறந்த?"

சுந்தரம்மாள் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"பாலு ஆறுது. குடி" என்றாள்.