பலாப்பால் பூசிய ராக்கெட்

எங்கள் அப்பாவுக்கு எதுவும் தொளதொளவென்று இருந்தால் ஆகாது. கதவு ஆடினால் ஆப்பு அடிப்பார். மிளகுக் கொடி மரத்தை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் நாரெடுத்து இறுக்கிக் கட்டுவார். குடம் ஒழுகினாலும் வாளி ஒழுகினாலும் பலாப்பாலைக் காய்ச்சிப் பூசிவிடுவார். அப்புறம் குடம் உடைந்தாலும் உடையும், ஒட்டு விடாது. கொல்லிமலையில் எல்லோரும் செய்கிற வேலைதான். அப்பா கொஞ்சம் அதிகமாகச் செய்வார்.

அப்பேர்ப்பட்டவர் இருக்கிற வீட்டுக்கு ஒரு ராக்கெட் பெட்டியைக் கொண்டுவந்தார் என் சித்தப்பா. கப்பலில் வேலை பார்த்தவர், எந்தத் துறைமுகத்திலோ வாங்கியிருந்தார். பெட்டிக்குள் ஓர் அட்டைக் குழாய், மெல்லிய மரத் தகட்டில் வெட்டிய இறக்கைகள், கடைந்தெடுத்த மூக்கு, மடித்து வைத்த பிளாஸ்டிக் குடை, ஒரே ஒரு மருந்துக் குழல், அதற்கொரு திரி. பெட்டி எனக்கா அப்பாவுக்கா என்று சித்தப்பா சொல்லாமல் போய்விட்டார். அதனால் வந்தது வம்பு.

கோடை லீவு. அடிவாரத்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த எனக்குத்தான் வீட்டில் இங்கிலீஷ் தெரியும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியிலிருந்த தாளைப் படித்துச் சொன்னேன். ராக்கெட் மேலே போனதும் குழாய்க்குள் இன்னொரு சின்ன வெடி வெடிக்கும். அது மூக்கை வெளியே தள்ளும். குடை விரியும். ராக்கெட் ஆடி அசைந்து இறங்கும். ஆகவே மூக்கை மட்டும் ஒட்டக் கூடாது, லேசாகச் செருகினால் போதும்.

அப்பா மூக்கை ஆட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இப்படித் தொளதொளன்னு இருந்தா போற வேகத்துல உழுந்துராதா?"

"உழுவோணும்னுதானுங்கப்பா அப்படி வெச்சிருக்கறான்!"

"செஞ்சவனுக்கு நம்ம மலைக்காத்து தெரியுமா?"

நான் கத்தினேன். அவரும் கத்தினார். எங்கள் இரண்டு பேருக்குமே மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்களுக்குள் இருக்கிற ஒற்றுமை அது ஒன்றுதான் என்பார் என் மாமா, அம்மாவின் அண்ணன். "கோவம் மட்டுந்தான் மச்சானோடது, மூஞ்சி பூரா எங்கூட்டு மூஞ்சி" என்று நான் பிறந்ததிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அதைக் கேட்டால் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மறுத்துப் பேச வழியில்லை. மேலுதட்டை மூடிக் கன்னம் வரை படர்ந்த மீசை அவருக்கு. அதற்குப் பின்னால் இருக்கிற முகத்தைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அம்மாவே பார்த்ததில்லை.

அந்த மீசைக்குத்தான் சந்தையில் ஆபத்து வந்தது. "வாணம் உடறதுக்கு எதுக்கு மச்சான் இத்தனை ஆர்ப்பாட்டம்? மேல போறது சரி, குடை புடிச்சுட்டு எறங்குமாக்கும்!" என்று மாமா நாலு பேர் நடுவில் சீண்டினார்.

அப்பா மீசையை முறுக்கினார். "எறங்கலைன்னா இந்த மீசைய எடுத்தர்றனுங்க மச்சான்."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பாவுக்கு மீசை என்றால் உயிர். எங்களுக்குத் தலைக்கு எண்ணெய் இல்லாத நாளிலும் மீசைக்கு இருக்கும்.

ராக்கெட் விடுகிற அன்று, சும்மா கிடந்த எங்கள் சாமைக் காட்டில் ஊரே கூடியிருந்தது. அம்மா புது லாரிக்குச் செய்வதுபோல ராக்கெட்டுக்குக் குங்குமம் வைத்து, அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள். நான் எடுத்துப் போட்டேன். அவள் மறுபடி வைத்தாள். கடைசியில் கொஞ்சம் தள்ளி வைப்பதென்று ராசியானோம். அப்பா ஊதுவத்தியால் திரியைப் பற்றவைத்துவிட்டு எங்களிடம் ஓடிவந்து நின்றார். மாமாவைப் பார்த்ததும் வழக்கம்போலக் கை மீசையை முறுக்கப் போயிற்று. போன கை திரும்பவில்லை.

இழுத்துப் பார்த்தார். "ஸ்ஸ்" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இரண்டு விரல்கள் மீசையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கிட்டப் போனேன். காய்ச்சிய பலாப்பால் வாசம் குப்பென்று அடித்தது. கையில் எண்ணெய் தடவாமல் அதைத் தொடவே மாட்டார். அன்றைக்கு என் கண்ணுக்குத் தப்பிச் செய்கிற அவசரத்தில் மறந்திருக்கிறார்.

"அப்பா! மூக்கை ஒட்டிப்புட்டீங்களா?"

"கொஞ்சூண்டுதான் சாமி. காத்துக்குத் தாங்கோணுமல்ல?"

"அய்யோ, போச்சு, போச்சு!"

திரி எரிந்து முடிந்துவிட்டது. உஸ்ஸென்று சீறிக்கொண்டு ராக்கெட் கிளம்பிற்று. அடேயப்பா, என்ன அழகு! பலாமரங்களைத் தாண்டி, புகையால் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போயிற்று. கோபத்தை மறந்து நானும் கைதட்டினேன். உச்சியில் டப்பென்று வெடித்தது. மூக்கு அசைந்தே கொடுக்கவில்லை. காலி மருந்துக் குழல்தான் பின்பக்கமாகத் தெறித்தது. ராக்கெட் தலைகுப்புறத் திரும்பி மாமாவின் மரவள்ளிக் காட்டில் போய்க் குத்தியது.

எல்லோரும் ஓடினோம். அப்பா ஒரு கையை மீசையில் வைத்துக்கொண்டு மறுகையால் ராக்கெட்டைப் பிடுங்கினார். மூக்கு அப்படியே இருந்தது. "பாத்தியா கண்ணு, ஒட்டு உட்டுதா?" என்றார் பெருமையாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "இனி உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மாமா பெரிய மனசு பண்ணினார். "பந்தயமெல்லாம் சும்மா வெளையாட்டுக்குங்க. மீசைய வெச்சுக்கங்க மச்சான்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் பின்னால் வந்தார். மாமா விட்டாலும் பலாப்பால் விடவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் ஊற்றி ஊற்றி விரல்களைப் பிரித்தபோது ஒரு பக்கத்து மீசையில் பாதி விரலோடு வந்துவிட்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டு வெளியே தலைகாட்ட முடியுமா? அப்பா பிளேடும் கண்ணாடியுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும், "சொன்னா சொன்னதுதானுங்க மச்சான், எடுத்துப்புட்டேன்" என்றார் கம்பீரமாக.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். நான் கோபத்தில் உதட்டைச் சுழித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்பாவும் அதே மாதிரி சுழித்துக்கொண்டு நின்றார். துருத்திய மேலுதடு, இடப்பக்கம் சற்றே ஏறிய வாய். தினமும் கண்ணாடியில் நான் பார்க்கிற வாய்!

"அப்பா, நீங்க என்னையாட்டவே இருக்கறீங்க!" என்று கத்திவிட்டேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பந்தயத்தில் ஜெயித்த மாமாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. "மச்சான், சீக்கரமா மீசைய வளத்துருங்க" என்றார்.

உயிராக வளர்த்த மீசையை அப்பா அதற்கப்புறம் வைக்கவே இல்லை.