காய்ச்சல் வரிசையில் கொஞ்சம் இரக்கம்

கம்பவுண்டர் வேலை என்பது மருந்து கலக்குவதில் பாதி, வரிசையில் இருப்பவர்களின் வாயில் விழாமல் தப்பிப்பதில் பாதி. அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். கையில் காலி பாட்டிலோடு மணிக்கணக்கில் பெஞ்சு தேய்த்தவர் நீங்கள் என்றால், இவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குப்பம்மாவின் முறை

ஐப்பசி மழை. ஊரெல்லாம் காய்ச்சல். செங்கல் சூளையில் கல் சுமக்கிற குப்பம்மா, மேனாம்பேட்டிலிருந்து நடந்தே வந்து முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். மடியில் மகன், உடம்பு கொதித்தது. டாக்டர் வந்து உட்காருகிற நேரத்தில், இழுப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். "நாங்க மட்டும் இன்னா சும்மாவா குந்திகினு கீறோம்?" என்று வரிசை எகிறியது.

குப்பம்மா எழுந்தாள். ஓடிவந்தவளை உள்ளே தள்ளிவிட்டு, மகனை இடுப்பில் வைத்தபடி கதவை மறித்து நின்றுகொண்டாள். வைதவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குழந்தை பிழைத்தது. "உன் பிள்ளைக்கும்தானே ஜுரம்?" என்று பிறகு கேட்டேன்.

"போன வருசம் என் பொண்ணு இப்டி இழுத்துதான் பூட்டா. அன்னிக்கு ஒருத்தரும் வழி உடல, நைனா."

மேஸ்திரியின் கட்டி

கட்டட வேலை மேஸ்திரி முருகேசனும் கஷ்டத்தில் வளர்ந்தவர்தான். தாய் தகப்பன் இல்லாமல், கிடைத்த கஞ்சியைக் குடித்து ஆளானவர். காலில் ஆணி ஏறிய ஒரு கூலியாளுக்கு நான் கட்டுப் போடும்போது, பின்னாலேயே வந்து, "என் கால்ல கடப்பாரையே எறங்கிச்சு. அன்னிக்கும் மண்ணு சொமந்தேன். இவனுக்கு ஒரு ஆணி!" என்று கத்தினார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

சில மாதம் கழித்து மேஸ்திரிக்கு முதுகில் கட்டி. டாக்டர் கீறியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். தெருவில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடப்பாரையை ஞாபகப்படுத்தினேன்.

"அப்போ அழுதா கேக்க ஆளு இல்ல, அண்ணாத்தே. இப்போ கேக்க நீ கீறியே!"

குவார்ட்டர்ஸ் பெண்

மேஸ்திரி மறுவாரமே பழையபடி ஆட்களை விரட்ட ஆரம்பித்துவிட்டார். அது கிடக்கட்டும்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு புதுப்பெண் வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கம், செல்லமாக வளர்ந்த பெண். பெஞ்சில் பக்கத்தில் துணையில்லாமல் உட்கார்ந்திருந்த கிழவர் திடீரென்று வாந்தி எடுத்தார். அவள் புதுச்சேலை முழுக்கத் தெறித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். அவள் மட்டும் ஓடவில்லை. அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். "நர்ஸ் வேலை பார்த்திருக்கீங்களாம்மா?" என்றேன்.

"எங்க வீட்ல தலைவலின்னு யாரும் படுத்துக்கூட நான் பாத்ததில்ல, அண்ணாச்சி. எனக்கே இம்புட்டுப் பயமா இருக்கே, அவுகளுக்கு எப்படி இருக்கும்?"

பட்ட கஷ்டம்தான் மனிதனுக்கு இரக்கத்தைக் கொடுக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்கள், மழைக்காலத்தில் ஒரே ஒரு காலை எங்கள் வரிசையை ஒழுங்குபடுத்திப் பார்க்கட்டும்.