ராஜபாளையத்தில் கரும்பொருளை ஒழித்த கதை

சென்ற ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, மதுரையிலிருந்து ராஜபாளையம் போய் வந்தேன். மலையேறவோ அணில் சரணாலயம் பார்க்கவோ அல்ல. அதற்காக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் நேரே கட்டுரையின் கடைசிக்குப் போய்விடலாம். அங்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. என் நண்பன் காஜா மைதீனின் வேலையைக் காப்பாற்றப் போனேன்.

காஜாவும் நானும் மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் ஒன்றாகப் படித்தோம். அவன் ஊர் திரும்பி, ஒரு நூற்பாலையில் பஞ்சுக் கிடங்கின் பொறுப்பாளன் ஆனான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த வலைப்பூவில் கரும்பொருளைத் திட்டி வருகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு: விண்மீன் மண்டலங்களின் ஓரத்திலுள்ள விண்மீன்கள் இருக்கவேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் எடை அவற்றைப் பிடித்து வைக்கப் போதாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று ஏராளமாக இருக்கிறது, அதுதான் கரும்பொருள் என்கிறார்கள் வானியலாளர்கள். சுரங்கங்களுக்குள் கருவிகளை இறக்கி இத்தனை வருடமாகத் தேடியும் அது கையில் சிக்கவில்லை. கணக்கு உதைத்தால் முதலில் தராசைச் சோதியுங்கள், அதாவது ஈர்ப்பு விதியைச் சோதியுங்கள், பார்க்காத பொருளை ஏட்டில் ஏற்றாதீர்கள் என்பது என் கட்சி. விண்மீன் மண்டலக் கூட்டங்களுக்கு அருகே ஒளி அளவுக்கு மீறி வளைகிறதே, அது கரும்பொருளால்தானே என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

திங்கட்கிழமை காஜா போனில் அழைத்தான். "மாப்ள, கிடங்குல இருந்து போற பஞ்சு எடை குறையுது. நான் வெளிய வித்துட்டேன்னு மேனேஜர் சொல்லுதாரு. நீதான் கண்ணுக்குத் தெரியாத எடையப் பத்தி வருசக்கணக்கா எழுதுதியே, மொதலாளிட்ட வந்து ரெண்டு வார்த்தை சொல்லு. வெளியாள், எழுதுத ஆள் சொன்னா கேப்பாரு."

"வாரேன்" என்றேன்.

மாட்டுத்தாவணியில் காலை 6.40க்குப் பேருந்து. ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தைந்து கிலோமீட்டர். நான் கொடுத்தது 72 ரூபாய். திருமங்கலம் தாண்டியதும் ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு இடது தோள் நனைந்தது. வலது பக்கம் உட்காருங்கள்.

காஜா வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். பால்கோவா அரைக் கிலோ 190 ரூபாய். கடைக்குப் பின்னால் விறகடுப்பில் கடாய் கொதித்துக்கொண்டிருந்தது. கிண்டிக்கொண்டிருந்தவரிடம், பத்து லிட்டர் பால் ஊற்றினால் எவ்வளவு தேறும் என்று கேட்டேன்.

"சீனியோட சேத்து மூணரைக் கிலோ வரும்."

"மிச்சம் எங்கே போனது என்று முதலாளி கேட்கமாட்டாரா?"

அவர் துடுப்பை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். "அதான் மேல போகுதுல்லா, ஆவி. கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?"

சுவையான பதில் என்று குறித்துக்கொண்டேன். அன்று முழுவதும் நான் கேட்டதிலேயே பயனுள்ள வாக்கியம் அது, உரிய நேரத்தில் பயன்படுத்தத்தான் தோன்றவில்லை.

அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர், 15 ரூபாய், மழையில் முப்பத்தைந்து நிமிடம். பேருந்து நிலையத்திலிருந்து ஆலை, சோழபுரம் பக்கம் ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

"மில்லுக்கா? ஆள் எடுக்காங்களா சார்?" என்றார் ஓட்டுநர்.

"எடுப்பதாகத் தெரியவில்லை."

"அப்ப அனுப்புதாங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

காஜா வாசலில் நின்றான். மெலிந்திருந்தான். கிடங்குக்கு அழைத்துப் போய்ப் பேரேட்டைக் காட்டினான். உள்ளே வந்த பஞ்சு இவ்வளவு, நூலாக வெளியே போனது இவ்வளவு, தூசி, தும்பு, கூட்டிப் பெருக்கிய கழிவு இவ்வளவு. மூன்றும் ஒருநாளும் நேராகாது. துண்டு விழுவதை எழுதக் கடைசியில் ஒரு பத்தி: கண்காணாக் கழிவு. எல்லா ஆலையிலும் இது உண்டாம். நூறு கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ வரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. இந்த மாதம் நான்கைத் தாண்டியிருந்தது.

இதைக் கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போது எழுதக் கூசுகிறது. பிரபஞ்சத்தின் மோசடி முழுவதும் ஒரு பழுப்பு நிற ஏட்டில், நீல மையில்!

"ஈரம் மாப்ள" என்றான் காஜா. பிரித்து வைத்திருந்த ஒரு பேலுக்குள், அதாவது பஞ்சு மூட்டைக்குள், கையை முழங்கை வரை விட்டு எடுத்து, என் கன்னத்தில் வைத்தான். சில்லென்றிருந்தது. "மழையில நனைஞ்சு வருது. தண்ணியோட சேத்து எடை போட்டு ஏத்துதோம். உள்ள மெஷின் சூட்டுல காஞ்சு போகுது. ஈரம் பாக்குற மீட்டர் ஆறு மாசமா ரிப்பேர். என் கையத்தான் மீட்டர்னு சொல்லுதேன், நம்ப மாட்டேங்காங்க."

கையெல்லாம் ஆதாரம் ஆகாது, தராசில்தான் கோளாறு இருக்கும் என்றேன். அவன் தலையாட்டினான். எழுதுகிறவன் சொல்கிறேன் அல்லவா.

பதினொன்றரைக்கு முதலாளி அறைக்குள் போனோம். அறுபது வயதிருக்கும், மரியாதையான மனிதர். காஜா சொல்லி, என் கட்டுரைகளை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். பல வரிகளுக்கு அடியில் கோடு. என் பதினொரு வருட எழுத்தில் இப்படியொரு வாசகரை நான் சந்தித்ததில்லை.

"நேத்து பூரா ஒங்களத்தான் சார் வாசிச்சேன். பிரமாதம்" என்றார். "எனக்குப் புரிஞ்சதச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க. கணக்கு ஒதைச்சா தராசப் பாக்கணும். கண்ணுல படாத ஒண்ணக் கணக்குல எழுதக்கூடாது."

"அதேதான்" என்றேன். பூரித்துப் போய், பதினைந்து நிமிடம் மேலும் விளக்கினேன். பெயர் வைத்துவிட்டால் விளக்கம் ஆகாது என்றேன். பார்க்காத பொருளுக்கு ஒரு பத்தி ஒதுக்குவது அறியாமைக்கு நாற்காலி போடுவது என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். காஜா பக்கத்தில் நின்று, நான் தனக்காகத்தான் பேசுகிறேன் என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா மொதலாளி" என்றான்.

பிறகு தராசைச் சோதித்தோம். முத்திரையிட்ட இருபது கிலோ எடைக்கல் பத்தை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். இருநூறு. இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னேன். இருநூறு. மூலையில் வைக்கச் சொன்னேன். அங்கும் இருநூறு.

முதலாளி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "தராசு சரி. கண்ணுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு கிடையாதுன்னு நீங்களே சொல்லிட்டிய. அப்ப, கண்ணுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்தான எடுத்திருக்கணும்?"

காஜா "ஆமா மொத..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

அதற்குப் பிறகு நான் செய்தது, என் பதினொரு வருடத்தையும் பத்து நிமிடத்தில் விழுங்கியது. ஈரம் என்றேன். காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகள் என்றேன். தெரியாததாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்றேன். பால்கோவா கடாயைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

"பால்ல ஆவி தெரியும் சார். இங்க என்ன தெரியுது? மீட்டர்ல அளந்து வச்சிருக்காரா?"

"மீட்டர் ரிப்பேர், மொதலாளி" என்றான் காஜா.

"அதத்தான நானும் சொல்லுதேன்" என்றார் அவர், என் கட்டுரையை என் பக்கமாகத் திருப்பி. "ஒங்க எழுத்துல இப்ப சொல்லுத மாதிரி ஒரு வரி இல்லியே, சார். இருந்தாக் காட்டுங்க."

இல்லை.

இருபத்திரண்டு வருடத்தை மதித்து போலீஸுக்குப் போகவில்லை, தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றார். காஜா நின்றபடியே எழுதினான். எனக்குக் காபி வந்தது. நல்ல காபி.

மூன்று மணிக்கு அவன் என்னைத் தன் வண்டியிலேயே பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டான். திட்டவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கேட்டான்: "ஏலே, கண்ணுக்குத் தெரியாதது இருக்குன்னு நீ எழுதுதன்னுல்லா நெனச்சேன்."

"எல்லாக் கட்டுரைக்கும் லைக் போட்டாயே."

"போட்டேன். வாசிக்கல மாப்ள. செத்த நேரம் கெடைச்சாத் தூங்கிருவேன்." மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். "வீட்டுல என்ன சொல்லன்னு தெரியல. வேலை போச்சுன்னா அழுவா, ஆனா தாங்கிருவா. திருடன்னு ஊர் சொல்லுமே, அத எப்டிச் சொல்ல?"

பால்கோவாவை நான் இன்னும் கையில் வைத்திருந்தேன். கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

கரும்பொருள் உண்டா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. விதியில்தான் பிழையோ என்ற சந்தேகம் இப்போதும் போகவில்லை. ஆனால் அந்தப் பத்தி எதற்கு இருந்தது என்பது தெரிந்துவிட்டது. யாருக்கும் விடை தெரியாத வரைக்கும் யார் தலையும் உருளாமல் இருக்க, யாரோ ஒரு பழைய கணக்கப்பிள்ளை கோடு போட்டு ஒதுக்கிய இடம் அது. அறியாமைக்கு நாற்காலி போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். நான் அதைப் பிடுங்கியபோது அதில் காஜா உட்கார்ந்திருந்தான்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். பால்கோவா வாங்கக் காலையிலேயே இறங்குங்கள், சூடாகக் கிடைக்கும். திரும்புவதற்கு மதுரை வண்டி அடிக்கடி உண்டு. ஒரு நாள் பயணத்துக்குச் சாப்பாடு உட்பட எனக்கு ஆன செலவு 610 ரூபாய். ஈரம் பார்க்கும் மீட்டர் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் போங்கள்.

காஜா இப்போது மகாராஜபுரத்தில் மச்சானின் உரக்கடையில் இருக்கிறான். மச்சான் கல்லாவைத் தானே பார்த்துக்கொள்கிறார்.

மார்கழியில் மழை நின்றது. பேல்கள் காய்ந்து வந்தன. கழிவு பழையபடி ஒன்றரைக்கு இறங்கியது. முதலாளி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார், கூடவே புதிய பேரேட்டின் படம். கடைசிப் பத்தியின் தலைப்பை மாற்றியிருக்கிறார்கள்: "குறைவு, பொறுப்பாளர் பெயர்". கீழே எழுதியிருந்தார்: "அந்த ஆள் போனதும் எடை சரியாகிவிட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி, சார்."