அத்தான் கேட்ட புள்ளடிப் படம்

ஊரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் சுவிஸில், ஷ்லீரனில் இருக்கிற என் அத்தானுக்குப் பேய் பிடித்துவிடும். அக்காவின் புருசன், எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே குடியிருக்கிறார். சுவிஸ் பிரஜை. இலங்கையில் அவருக்கு வாக்கில்லை. ஆனால் அங்கே இருக்கிற சொந்தக்காரர் அத்தனை பேருடைய வாக்கும் தன் சட்டைப் பையில் கிடக்கிறது என்று நினைப்பு. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு ஏப்பம் விட்டதும் வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவராகப் பிடித்து, யாருக்குப் போட வேண்டும் என்று கட்டளை போடுவார். இங்கே வீட்டுக்கு ஒருவர் இப்படித்தான் இருக்கிறார். எனக்கு நிரந்தரமாகத் தங்குகிற சி பெர்மிட் மட்டும்தான், பிரஜை இல்லை, இங்கேயும் வாக்கில்லை, அங்கேயும் இல்லை. அவருடைய அதிகாரத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசித் தேர்தலில் அவர் கையில் அகப்பட்டவள் என் தங்கச்சி. வலிகாமம் வடக்கில் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு இன்றைக்கும் ஆமிக்காரரின் வேலிக்குள் இருக்கிறது. சண்டை முடிந்து எத்தனையோ காலம். கேட்டால் தேசியப் பாதுகாப்பு என்கிறார்கள். அவள் வேலிக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காணி விடுவிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அதற்கு முந்தின முறை, தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு நடந்த தேர்தலில் தெற்கு முழுக்கப் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லி வாக்குப் போட்டது. தங்கச்சிக்கோ பாதுகாப்பு என்றால் அந்த முள்ளுக்கம்பிதான். எதிர்த்துப் போட்டாள். பிறகு காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை என்று நாடே வரிசையில் நின்றது. இந்த முறை அவளுக்குக் காணியும் வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும். தெற்கத்திச் சிங்கள வேட்பாளர் ஒருவருக்குப் போடலாமோ என்று யோசிக்கிறேன் என்று அத்தானிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வந்ததே அவருக்குக் கோபம்!

“துரோகம் செய்யப் போறியோ? தமிழனுக்குப் போடு. போட்ட கையோட சீட்டில கீறின புள்ளடியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. விளங்குதோ?”

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த நான் அதிர்ந்துபோனேன். அத்தானுக்கு வாக்குப் போடுவது என்றால் அக்கா சமைக்கிற குசினியின் மேசைதான். இங்கே வாக்குச்சீட்டு உறையில் வைத்து வீட்டுக்கே வரும். வந்திருக்கிற ஆட்கள் பார்க்க, ஒரு கையில் கடித்த ரோல்ஸ், மறு கையில் பேனையோடு நிரப்புவார். வாக்குச்சாவடி வாசலில் பொலிஸ் நிற்பதும், உள்ளே போனில் படம் எடுக்கக் கூடாது என்பதும் மனுசனுக்கு மறந்தே போய்விட்டது.

“உங்களுக்கென்ன விசரோ அத்தான்? பிடிபட்டால் கேஸ். கேஸ் எண்டு வந்தால் காணியும் இல்லை, ஒண்டும் இல்லை.”

“நீ சும்மா இரு. உனக்கு அரசியல் தெரியாது.”

அன்றைக்கு அவர் முன்னால் இருந்த சீட்டில் அகதிச் சட்டத்தை இறுக்குவதா என்று கேட்டிருந்தது. ‘யா’, ஆம் என்று எழுதினார். ஏன் என்றேன். “கண்டவன் நிண்டவன் எல்லாம் வாறான். நாட்டின்ர பாதுகாப்பெல்லோ முக்கியம்” என்றார். ஒரே ஒரு பையோடு வந்து இறங்கி அகதி என்று கைதூக்கிய ஆள்! இந்த மனுசனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா என்று அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை.

ஊரில் வாக்களிப்பு சனிக்கிழமை. காலையிலிருந்து தங்கச்சிக்கு எடுக்கிறேன், போன் அடித்துக்கொண்டே கிடக்கிறது. பயந்த சுபாவம் உள்ளவள், அத்தான் சொன்னதற்காகப் போனை ஒளித்துக்கொண்டு போயிருப்பாளோ என்று நினைத்தேன். இருப்புக்கொள்ளாமல் மேலே போனேன். அக்கா தேத்தண்ணி தந்தாள். நான் குடிக்கவில்லை. அத்தானின் போன்தான் அடித்தது. வீடியோவில் தங்கச்சி.

“போனை வீட்டில வச்சிட்டுப் போனனான் அத்தான்.”

“அப்ப படம்?”

“நில்லுங்கோ, காட்டுறன்.”

அவள் நடந்தாள். படம் ஆடியது. பிறகு முள்ளுக்கம்பி வந்தது. கம்பிக்கு அப்பால் பற்றைக்கு மேலே ஓடு இல்லாத கூரை ஒன்று தெரிந்தது. கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய சின்னவிரலில் வாக்குப் போட்ட மை புதிதாகத் தெரிந்தது.

“வடிவாப் பாருங்கோ. அது என்ர வீடு. அதுக்குத்தான் போட்டனான். ஆருக்கு எண்டு கேளாதேங்கோ. நீங்கள் அங்க நாட்டின்ர பாதுகாப்புக்குப் போட்டனீங்களாம், அக்கா சொன்னவ. இஞ்ச இந்த ஆமிக்காரங்களும் அதைத்தான் சொல்லுறாங்கள், என்ர குசினிக்குள்ள நிண்டுகொண்டு.”

அத்தான் “சிக்னல் சரியில்லை” என்றார். படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்காவிடம் ரோல்ஸ் கேட்டார்.

நான் எழும்பி வந்துவிட்டேன். வேலி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அத்தானின் மேசையில் அதற்குப் பிறகு நான் கை நனைத்ததில்லை.